குழுவில் இன்னும் இருக்கும் உங்கள் நம்பர்

காக்கா,

இன்று முற்பகல் பள்ளிவாசல் மைக்கை யாரோ தட்டினார்கள். தொழுகை நேரமில்லை. கந்தோரில் எல்லாருடைய கையும் அப்படியே நின்றது. தட்டச்சுச் செய்துகொண்டிருந்த பிள்ளை விரலை எடுத்துவிட்டாள். தேநீர் கொண்டுவந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். அகாலத்தில் மைக் தட்டினால் நம் ஊர்களில் ஒரே அர்த்தம்தானே, ஒரு உயிர் போய்விட்டது, யாரோ மௌத்து. "ஆரு கா?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். கடைசியில் பார்த்தால் நாளைக்குக் கரண்ட் இல்லையாம். "சீ, இதுக்கா நெஞ்சு பதறின" என்று சொல்லிவிட்டு எல்லாரும் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் வேலை ஓடவில்லை. இதே கந்தோரில் எனக்கு அண்ணன் மாதிரி இருந்த உங்களுடைய நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மௌத்தானவர்களை ஏசக் கூடாது என்று உம்மா சொல்லுவார். அதனால்தான் இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் ஏசாமல் இருக்க என்னால் ஏலாது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஏசிவிடுகிறேன். ஏசி முடித்து துஆவும் கேட்கிறேன், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மாரியில் நடந்ததை நீங்கள் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்! மேலிடத்திலிருந்து வெள்ள அறிவித்தல் வந்தது. நம் அனர்த்தப் பிரிவு அதைப் பள்ளிவாசலுக்கு அனுப்பியது. மோதினார் நல்ல மனிதர், கொடுத்ததைக் கொடுத்தபடி வாசித்தார். "பொதுமக்களுக்கு இத்தால் அறியத் தருவதாவது" என்று தொடங்கி, திணைக்களத்தின் பெயர், பிரிவின் பெயர், சட்டத்தின் பெயர் என்று ஒன்றொன்றாக, ஜனாஸா அறிவிக்கிற அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தார். பெண்கள் படலையடிக்கு வந்து காது கொடுத்தார்கள். யாருடைய வாப்பா, யாருடைய மாமி என்று பெயர் வரும் வரைதான் அவர்கள் காத்திருப்பார்கள். பெயர் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி உள்ளே போய்த் தேங்காய் துருவத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர் என்ற சொல் அந்த அறிவித்தலின் கடைசியில் இருந்தது. அதைக் கேட்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

நீங்கள் எதிர்க் கடையில் நின்று அதைக் கண்டீர்கள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடி மைக்கை வாங்கினீர்கள். "தண்ணி! தோணாப் பக்கம் தண்ணி ஏறுது. சாமானை உசத்தி வெச்சிட்டுப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. ஆரு சொன்ன, என்ன சட்டம், எல்லாம் மறுகா சொல்றன்!" மழைத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற அந்தத் தோணாவின் இரு கரையிலும் இருந்த சனம் வெளியே வந்தது. அடுத்த நாள் கந்தோர்ப் பெரியவர் உங்களைக் கூப்பிட்டு யாருடைய அனுமதியில் மைக்கைப் பிடித்தீர்கள் என்று கேட்டார். "தண்ணி ஆருட அனுமதியில வந்த சேர்?" என்றீர்கள். பக்கத்து மேசையில் நான் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் என்னையும் முறைத்தார்.

அந்த மாரி முடிந்ததும்தான் வாட்ஸ்அப்பில் ஊர்களுக்கான வெள்ளக் குழுவைத் தொடங்கினீர்கள். அதற்கு நான் எதிராகத்தான் நின்றேன், மறைக்க ஒன்றுமில்லை. என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த வருடங்களில் "கடல் வருது" என்று ஒருவன் கத்தினால் ஊரே மேற்கே ஓடும். மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஒன்றோடொன்று மோதும், கைப்பிள்ளையைத் தூக்க மறந்து ஓடி, பாதி வழியில் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிய தாய்மாரும் உண்டு. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில் அப்படி ஓடிய ஒரு பகலில்தான் உம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கடல் வரவில்லை. உம்மாவின் நடை போனதுதான் மிச்சம். ஆகவே உறுதிப்படுத்தாத ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று உங்களிடம் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

"தீர விசாரிச்சு முடிய வெள்ளம் கட்டிலுக்கு வந்திரும் தங்கச்சி" என்றீர்கள்.

"வதந்தியைப் பரப்பப் போறீங்களா அப்ப?"

"நாம பேசாம இரிந்தாத்தான் வதந்தி பேசும். நமக்குத் தெரிஞ்ச பாதியைப் பாதி எண்டே சொல்லுவம். அதுல என்ன பொய் இரிக்கி?"

அன்று மத்தியானம் முழுக்கச் சண்டை. சோறு ஆறிப்போனது. நீங்கள் கோபம் வந்தால் என்னை "மிஸ்" என்று கூப்பிடுவீர்கள், அன்று இருபது தரம் மிஸ் ஆனேன். கடைசியில் இரண்டு பேரும் இறங்கி வந்தோம். யார் செய்தி போட்டாலும் முதல் சொல் "கண்டது" அல்லது "கேட்டது" என்று இருக்க வேண்டும். கண்டது என்றால் போட்டவர் தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்று சொல்ல வேண்டும், உறுதி இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும். இவ்வளவுதான் சட்டம். அதைக் கண்டுபிடித்தது நீங்களா நானா என்று பிறகும் பல நாள் சண்டை பிடித்தோம். இப்போது சொல்கிறேன், நீங்கள்தான். ஆனால் நான் அப்படி எதிர்த்து நிற்காவிட்டால் உங்களுக்கும் அது தோன்றியிருக்காது.

அந்தச் சின்னச் சட்டம் செய்த வேலை எனக்கே புதுமையாக இருந்தது. முன்பெல்லாம் பொய் சொல்பவன்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நல்ல மனிதர்கள்தான் கேட்டதைக் கண்டதுபோலச் சொல்கிறார்கள், உதவி சுறுக்காக வரட்டும் என்ற நல்லெண்ணத்தில். "கண்டதா கேட்டதா" என்று எழுத வேண்டி வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கணம் தன்னையே கேட்டார்கள். காரைதீவு அம்புலன்ஸ் சாரதி ஒருநாள் "கண்டது" என்று போட்டு, அழித்து, "கேட்டது" என்று திருத்திப் போட்டார். நீங்கள் அதை எனக்குக் காட்டி, "பாருங்க மிஸ், மனிசன் தன்னத்தானே விசாரிக்கிறான்" என்றீர்கள். அன்றைய மிஸ் கோப மிஸ் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் "ஜும்ஆ முபாறக்" படம் போடுவதையும் தடுத்தீர்களே, அதற்கு எவ்வளவு ஏச்சு வாங்கினீர்கள்! ரோசாப்பூவும் கஃபாவும் ஒளிவட்டமும் போட்ட படங்களுக்கு நடுவில், கிட்டங்கியில் வீதிக்கு மேல் தண்ணீர் என்ற செய்தி ஒரு தரம் காணாமல் போய்விட்டது. தீபாவளி வாழ்த்தையும் அப்படியே தடுத்தீர்கள், அதனால் இரண்டு பக்கத்தாரும் ஒருமித்து உங்களோடு கோபித்துக்கொண்டார்கள். "துஆவை அல்லாக்கு அனுப்புங்க, குரூப்புக்குத் தண்ணிய அனுப்புங்க" என்று ஒரே போடாகப் போட்டீர்கள். சாறி விளம்பரம் போட்ட ஒருவரை நீக்கினீர்கள். பிறகு யாரையும் சேர்க்கவோ நீக்கவோ உங்களைத் தவிர ஒருவருக்கும் முடியாதபடி குழுவைப் பூட்டினீர்கள்.

இந்த இடத்தில்தான் என் ஏச்சு தொடங்குகிறது.

தெரிந்ததை ஒருவன் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதர் நீங்கள். பாலமுனை வரைக்கும் போய்க் கூட்டம் வைத்துச் சொன்னீர்கள். அந்த மனிதரே குழுவின் திறப்பை, அந்த ஒற்றைச் சாவியை, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னொராளையும் அட்மின் ஆக்குங்க" என்று நான் எத்தனை தரம் சொன்னேன்! "ஆரை ஆக்கச் சொல்ற?" என்பீர்கள். "ஒரு பள்ளிக்குக் குடுத்தா மத்தப் பள்ளி கேக்கும். முஸ்லிம் ஆளுக்குக் குடுத்தாத் தமிழாக்கள் கேப்பாங்க, குடுக்கவும் வேணும். மறுகா மீனவர் சங்கம், கமக்காரர். வெள்ளம் வர முந்தி அட்மின் சண்டை வரும். என்னட்டக் கிடக்கட்டும், நான் ஒருத்தருக்கும் ஆளில்ல." அதில் உண்மை இருந்தது. நம் ஊர்கள் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஆனால் "உங்களுக்கு ஏதும் ஆனா?" என்று நான் கேட்டபோது சிரித்தீர்கள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு இன்றும் கோபம். வருமுன் காப்பவன்தான் அறிவாளி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்குத் தன் மௌத்து மட்டும் கணக்கில் வரவில்லை.

மாரிக்கு முன், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள் அஸர் தொழுகைக்கு ஒழுச் செய்துவிட்டு வந்து நாற்காலியில் இருந்தீர்களாம், அப்படியே சாய்ந்தீர்களாம். நான் அன்று லீவில் இருந்தேன். எனக்கு அந்தச் செய்தி எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மைக்கில் வருவதற்கு முன்பே குழுவில் வந்துவிட்டது. "கேட்டது. நம்மட காக்கா மௌத்தாம். உறுதி இல்ல" என்று ஒருவர் போட்டார். அந்த "உறுதி இல்ல" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. யா அல்லாஹ், இது வதந்தியாக இருக்கட்டும் என்று கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வதந்திக்காக துஆக் கேட்டேன், காக்கா. அப்போது காரைதீவுச் சாரதி போட்டார்: "கண்டது. ஆஸ்பத்திரியில நிக்கிறன்."

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் குழு முழுக்க "இன்னா லில்லாஹி", கைகூப்பிய படம், ரோசாப்பூ, அழுகிற முகம். நீங்கள் இருந்திருந்தால் ஒருவரையும் விட்டு வைத்திருக்க மாட்டீர்கள்.

பிறகு மாரி வந்தது. வருடாந்த இடமாற்றத்தில் நீர்ப்பாசனத்துக்குப் புது ஆள் வந்திருந்தார், குடும்பநல மருத்துவமாதும் புதுசு, பொலிஸிலும் மாறியிருந்தது. ஒருவரையும் குழுவில் சேர்க்க முடியவில்லை. திறப்பு உங்கள் ஃபோனில், ஃபோன் உங்கள் வீட்டில், வீட்டில் உங்கள் மனைவி இத்தாவில். கணவன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்கிற அந்தக் காலத்தில் அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டார் என்று தெரிந்தும் கந்தோரிலிருந்து இரண்டு பேர் போய் முற்றத்தில் நின்று ஃபோனைக் கேட்டிருக்கிறார்கள். திரைக்கு உள்ளேயிருந்து பதில் வரவில்லை. கட்டாரில் இருக்கும் உங்கள் மகன் "குடுங்க உம்மா" என்று சொல்லிப் பார்த்தான். அவனுக்கும் பதில் இல்லை.

"ஃபோன் இல்லாட்டிப் புதுக் குரூப் தொடங்குவமே" என்றார்கள். தொடங்கினார்கள். கந்தோர் ஒன்று தொடங்கியது, அதில் உத்தியோகத்தர் மட்டும். பள்ளிவாசல்காரர் ஒன்று தொடங்கினார்கள். காரைதீவு, பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழர்கள் தங்களுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். ஒருவரிலும் பிழை இல்லை, எல்லாரும் உங்களைப் பார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் "கண்டது, கேட்டது" மட்டும் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அது எழுதிய சட்டமில்லையே. நீங்கள் பின்னால் நின்று நச்சரித்ததால்தான் நடந்தது. ஆளில்லாமல் போனதும் பழக்கமும் போய்விட்டது.

முதல் பெருமழையிலேயே அதன் விலை தெரிந்தது. வயல் வட்டை ஓரத்தில் ஒரு வீட்டில் ஒரு இளம் பெண்பிள்ளைக்குப் பிரசவ வலி, சுற்றிலும் தண்ணீர். தண்ணீருக்குள் போகக்கூடிய உழவு மெசின் ஒன்று வேண்டும் என்று மூன்று குழுவிலும் செய்தி வந்தது. பள்ளிவாசல் குழுவில் "மெசின் போயிட்டு" என்று ஒருவர் போட்டார். அதை யாரோ காரைதீவுக் குழுவுக்குக் கொண்டுபோய் "அனுப்பியாச்சு" என்றார்கள். அங்கிருந்து கந்தோர்க் குழுவுக்கு வரும்போது அது "உழவு இயந்திரம் அனுப்பி வைக்கப்பட்டது" என்று அரசாங்கத் தமிழ் பேசியது. மூன்று இடத்திலும் மெசின் போய்விட்டது, ஆகவே மூன்று இடத்திலும் ஒருவரும் அனுப்பவில்லை. போன மெசின் வேறொரு வீட்டுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோன மெசின். அந்தப் பிள்ளை மாமியாருடைய தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் மேல் நின்றிருக்கிறாள்.

காரைதீவுச் சாரதிக்குத்தான் சந்தேகம் வந்தது. எனக்கு ஃபோன் எடுத்து, "மெசின் போனதை நீங்க கண்டீங்களா அக்கா?" என்று கேட்டார். நான் காணவில்லை. எனக்குச் சொன்னவரும் காணவில்லை. ஒருவருமே காணவில்லை என்று தெரிந்ததும் அவர் மீனவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஒரு தோணியைக் கொண்டுபோனார்கள். குழந்தை தோணியிலேயே பிறந்தது, அழவில்லை. கரையில் நின்ற மருத்துவமாது வாங்கித் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் துடைத்து, அல்லாட காவல், அழ வைத்துவிட்டார். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அது நம்முடைய வேலையால் நடந்த சுகமில்லை. அடுத்த மழையில் அந்தச் சாரதிக்குச் சந்தேகம் வராமல் போனால் என்ன செய்வது? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அடுத்த நாள் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் மனைவி, எங்கள் ராத்தா, வெள்ளைச் சாறியில் பின்னறையில் இருந்தார், தோணாவைப் பார்த்த ஜன்னலடியில். உங்கள் ஃபோன் மடியில் கிடந்தது. "வா கா" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். தேநீர் வந்தது. நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றிக் கதைத்தேன். அவருக்கு நான் வந்த காரணம் விளங்கிவிட்டது.

"நீயும் இதைக் கேட்டுத்தானே வந்த?"

நான் ஓம் என்றேன்.

"கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து இந்த மனிசன்ட ஃபோனை நான் தொட்டதில்ல. சோத்துல கை வெச்சாச் சத்தம் கேக்கும், எழும்பிருவார். பெருநாளைக்கும் எழும்பினார், மகள்ட கலியாணப் பந்தல்லயும் எழும்பினார். நான் வாய் திறக்கல்ல. அவரை உங்கட குரூப்புக்குக் குடுத்தன். இப்ப ஃபோனையும் குடுக்கவா?"

 நீங்கள் எழும்பிப் போன பக்கத்தில்தான் நான் இருந்தேன், நீங்கள் விட்டுவிட்டுப் போன பக்கத்தை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் குரல் பதிவு ஒன்றை அமத்தினார். உங்கள் குரல் அறைக்குள் வந்தது: "கேட்டது. வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டப் போறாங்களாம். உறுதி இல்ல, போய்ப் பார்த்திட்டுச் சொல்றன்." அவ்வளவுதான். அதை அவர் எத்தனை தரம் கேட்டாரோ தெரியாது. இரண்டு பேரும் அழுதோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்தான் கேட்டார்: "நீங்க எல்லாரும் எங்க போன?"

"எங்க போன எண்டா, ராத்தா?"

"இந்தக் குரூப்ப உட்டுட்டு எங்க போன? எனக்கு வாசல்ல இறங்கேலா. இதுக்குள்ளாலதான் நான் ஊரைப் பார்த்த. விடிஞ்சாக் கண்டது எண்டு ஒண்டு வரும், கேட்டது எண்டு ஒண்டு வரும். அவர் இரிக்காப்போல இரிக்கும். மறுகா குறைஞ்சி குறைஞ்சி ஒண்டும் வராமப் போயிட்டு. நேத்து இந்தப் பெரிய மழைக்கும் ஒரு சொல் வரல்ல. அவர் மௌத்தான அண்டைக்கு எல்லாரும் வந்து என்னோட அழுதீங்க. இது மௌத்தானதுக்கு நான் தனியக் கிடந்து அழுதன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் எல்லாரும் ராத்தா ஃபோனைத் தர மறுக்கிறார், அதனால் குழு செத்துப்போகிறது என்று நினைத்திருந்தோம். அவரோ குழு செத்துப்போகிறதே என்று ஃபோனை இறுக்கிப் பிடித்திருந்தார். இந்த ஒரு விஷயத்தை யாராவது அவரிடம் நேரே கேட்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருக்கும். ஊருக்கே செய்தி பரப்பத் தெரிந்த நமக்கு ஒரு வீட்டுக்குள் போய்க் கேட்கத் தெரியவில்லை.

நான் பிரசவ வீட்டுக் கதையை முழுதாகச் சொன்னேன். மூன்று குழு, ஒரு மெசின், கட்டிலின் மேல் நின்ற பிள்ளை, தோணி. அவர் கையை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள இப்ப சுகமா?" என்று கேட்டார், சுகம் என்றேன்.  பிறகு ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தார், கையில் தரவில்லை.

"எங்க அமத்தணும், சொல்லு. நான் அமத்துறன். ஆனா அவரை நீக்கக் கூடா."

"நீக்க மாட்டம் ராத்தா."

"உங்கட பெரிய ஆக்கள் சொன்னாலும்?"

"சொன்னா அவங்களை நீக்குறன்" என்றேன். இத்தாவில் இருந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் இடத்தைக் காட்டக் காட்ட அவரே அமத்தினார். என்னுடைய ஃபோன் அதிர்ந்தது. நீங்கள் என்னை அட்மின் ஆக்கிவிட்டதாக அதில் உங்கள் பெயரில் வந்திருந்தது. இத்தனை வருடம் கேட்டுத் தராததை இப்போதுதான் தந்தீர்கள், பாருங்கள் உங்கள் வேலையை.

நான் செய்த முதல் வேலை, இன்னும் பலரை அட்மின் ஆக்கியது. காரைதீவுச் சாரதி, புது மருத்துவமாது, மோதினார், தோணி கொண்டுபோன மீனவர்களில் ஒருவர். நீங்கள் பயந்தபடியே சண்டை வந்தது. "எங்கட பள்ளிக்கு ஏன் இல்ல?" என்று ஒருவர் கந்தோருக்கே வந்துவிட்டார். இருங்கள், தேநீர் குடித்துக்கொண்டே ஏசுங்கள் என்றேன். அவர் ஏசினார், நானும் ஏசினேன், கடைசியில் அவரையும் ஆக்கினேன். உங்கள் பயத்தில் பிழையில்லை, காக்கா. ஆனால் சண்டைக்குப் பயந்து திறப்பை ஒருவரே வைத்திருப்பதைவிடச் சண்டை பிடித்தாவது பலரிடம் கொடுப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கு நான் மௌத்தானால் ஒருவரும் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று ஃபோன் கேட்கக் கூடாது. மற்ற மூன்று குழுவிலும் போய், பழைய இடத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன், கந்தோர்க் குழுவில் கொஞ்சம் மிரட்டினேன். மெல்ல மெல்ல வந்தார்கள். "கண்டதா கேட்டதா?" என்று இப்போது நான் நச்சரிக்கிறேன். என்னைப் பின்னால் "மிஸ் கண்டது" என்று கூப்பிடுகிறார்களாம்.

அந்த மாரியின் பெரிய வெள்ளம் அதற்குப் பிறகுதான் வந்தது. விடியலில் சுபஹுத் தொழுது முடித்து ஃபோனை எடுத்தேன். குழுவில் உங்கள் பெயர் நின்றது. உங்கள் பெயர், உங்கள் படம், அந்த நீலச் சட்டை.  அதற்குக் கீழே எழுதியிருந்தது:

"கண்டது. தோணா மதகடியில வீதிக்குத் தண்ணி ஏறிட்டு. எங்கட கிணத்துக் கட்டைத் தொடுது. மேற்க இரிந்து இழுத்து வருது."

அடுத்தது உடனே வந்தது: "கேட்டது. பின் வளவுப் புள்ள சொன்ன. மேல குளம் திறந்தாம். உறுதி இல்ல."

வீட்டை விட்டு இறங்க முடியாத ஒரு பெண்ணுக்குத்தான் தன் வளவுத் தண்ணீர் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. நாங்கள் பலர் இன்னும் பாயை விட்டே எழும்பியிருக்கவில்லை. புதிதாக வந்த நீர்ப்பாசன உத்தியோகத்தர் வேற்றூரார், உங்களைக் கண்டதில்லை. "இந்த நம்பர் யார்? உத்தியோகத்தரா?" என்று கேட்டுப் போட்டார். ஒருவரும் பதில் போடவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. "மர்ஹூம்" என்று தொடங்கி எழுதினேன், அழித்தேன். "காலஞ்சென்ற எமது" என்று எழுதினேன், அதையும் அழித்தேன். அதை எழுதி முடிக்கத் தண்ணீர் இன்னும் ஒரு வளவு தாண்டும். கடைசியில், "தோணாவடி வீடு. அவர் கண்டது என்றால் கண்டதுதான். குளத்தை நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பினேன்.

அவர் விசாரித்தார், குளம் திறந்தது உண்மை. மோதினார் மைக்கைத் தட்டி முதல் சொல்லாகத் தண்ணி என்றார். தோணாவின் இரு கரையும் வெளிச்சம் நன்றாக ஏறுவதற்குள் வெறுமையானது. உழவு மெசின் போனது, இந்தத் தடவை போனதைக் கண்டவர் படத்தோடு போட்டார். ராத்தாவை அவருடைய தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனோம், மெசின் பெட்டிக்குள் சேலையால் மறைப்புக் கட்டி. போகும் வழியிலும் அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே போனாராம்.

இத்தா முடிந்து இப்போது பல நாளாகிவிட்டது. ராத்தா வாசலில் இறங்குகிறார், மதகடி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து போடுகிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு நம்பர் எடுத்துத் தரட்டுமா என்று மகன் கேட்டானாம். வேணா, இதுவே போதும் என்றாராம். அவருடைய செய்தி எல்லாம் உங்கள் பெயரில்தான் வருகிறது. புதியவர்கள் உங்களை உயிரோடு இருக்கிற ஆள் என்றே நினைத்திருக்கிறார்கள், சிலர் "நன்றி காக்கா" என்று கூடப் போடுகிறார்கள். நான் திருத்துவதில்லை.

உங்கள் பெயர் திரையில் வரும்போது நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் ஓடுகிறது. அது பழகவில்லை, பழகவும் வேண்டாம். முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வாசிக்கிறேன். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் உங்களுக்காக அழுகிறேன், காக்கா.